இளைப்பாறிய பற்றரிகளுக்கு இன்னொரு வேலை

2025 ஆம் ஆண்டுச் சித்திரை விடுமுறையில் ஒருநாள் நண்பகல், நண்பர் ஒருவரின் வீட்டுக்குச் சென்றிருந்தோம். வெயில் அனலாய்க் காய்ந்துகொண்டிருந்தது. வீட்டுக் கூரையின் மேல் சூரிய மின்தகடுகள் வரிசையாகப் பளபளத்தன. ஆனால், அவற்றை வீட்டோடு இணைக்கும் பெட்டியிலே ஒரு சிறு விளக்குத்தானும் எரியக் காணோம்.

"ஏன் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்?" என்று வினவினோம்.

"கறன்ற் கூடிப்போச்சுதாம், மாஸ்ரர். வருசப்பிறப்புக் கழியுமட்டும் பகலிலை மூன்று மணி வரைக்கும் நிப்பாட்டச் சொல்லிக் கேட்டிருக்கினம்" என்றார் நண்பர்.

மின்சார சபை அவ்வாண்டு ஏப்ரல் 13 முதல் 21 வரை விடுத்திருந்த வேண்டுகோள் அது. ஆலைகளும் அலுவலகங்களும் மூடிக் கிடக்கும் நாட்களில் மின்சாரத்தை வாங்குவார் குறைவு, வெயிலோ குறைவதில்லை. கொடுப்பதும் கொள்வதும் சமமாய் நில்லாவிடின் நாடளாவிய மின்வலையே தடுமாறும். அதற்கு இரண்டு மாதம் முன்னர், பெப்ரவரி 9 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உபமின்நிலையத்திலே குரங்கொன்று தொற்றியதால் நாடு முழுவதும் மின்சாரம் அற்றுப்போனதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அனுமான் இலங்கையை எரித்த கதை போக, அவர் குலத்தார் இலங்கையை இருட்டாக்கிய கதையும் ஆயிற்று என்று அப்போது ஊரிலே பேசிச் சிரித்தார்கள். அந்த அநுபவத்தின் பின் சபையார் அஞ்சியதிற் பிழை காண முடியாது.

வீட்டின் மறுபுறத்திலே கிடுகுக் கொட்டிலொன்று. அதனுள் ஒரு சிறிய மின்சாரக் கார் நின்றது. யப்பானிலே சில ஆண்டுகள் ஓடிவிட்டு 2015 ஆம் ஆண்டில் இங்கு வந்து சேர்ந்தது. வந்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்கு ஒரே மூச்சில் ஓடுமாம். இப்போது கொடிகாமம் போய்த் திரும்புவதற்குள் அதன் பற்றரி இளைத்துவிடுகிறது. "விக்கிறதுக்கு ஆளில்லை, எறியிறதுக்கு மனமில்லை. இந்தப் பற்றரியை என்ன செய்யலாம் மாஸ்ரர்?" என்று நண்பர் கேட்டார்.

கூரையின் மேல் வேண்டாத மின்சாரம். கொட்டிலுக்குள் வேண்டாத பற்றரி. அன்றிரவு ஏழு மணிக்கு அவர் வீட்டு விளக்குகள் எரிந்தது நுரைச்சோலை நிலக்கரியினாலும் வேறெங்கோ எரித்த எண்ணெயினாலுந்தான். நண்பரின் கேள்வி அன்று முழுவதும் எம்மை விட்டகலவில்லை. அதற்கு விடை தேடப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

சேமிப்பு என்பது நம்மவர்க்குப் புதிய பாடமன்று. மாரியிற் கொட்டும் மழையைக் கோடைப் பயிருக்கு வைத்திருக்க வன்னியிலே குளம் கட்டினார்கள். மின்சாரத்துக்கும் அத்தகைய குளம் வேண்டும். நண்பகலில் நிரம்பி இரவு ஏழு மணிக்குத் திறக்கும் குளம். பற்றரியே அக்குளம். அக்குளம் புதிதாக வெட்டப்பட வேண்டுமா, அல்லது ஏற்கெனவே காரில் ஓடிக் களைத்த ஒன்றைக் கொண்டே ஒப்பேற்றலாமா என்பதுதான் கேள்வி.

களைத்தல் என்று சொன்னோம். அது எவ்வாறு நேர்கிறது என்று சிறிது பார்ப்போம். மின்சாரக் காரின் பற்றரி, சிறு சிறு இலித்தியக் கலங்கள் பல சேர்ந்தது. ஒவ்வொரு கலத்துள்ளும் இருவகைத் தகடுகள் உள. ஒன்று காரீயம் பூசியது. போகலையிலும் ககட்டகஹவிலும் சுரங்கம் தோண்டி எடுக்கிறார்களே, அதே இனப் பொருள்தான். மற்றது மங்கனீசு, நிக்கல், கோபாற்று முதலிய உலோகங்களின் ஒட்சைட்டைப் பூசியது. மின்னேற்றும்போது இலித்திய அயன்கள் ஒட்சைட்டை விட்டுப் புறப்பட்டுக் காரீயத்தின் படைகளுக்கிடையே போய்த் தங்குகின்றன. மின்னைச் செலவிடும்போது திரும்பி வருகின்றன. இப்போக்குவரத்தே பற்றரியின் சீவியம். இவ்வகைக் கலத்தை ஆக்குவதற்கு வழி கண்ட குடினஃப், விற்றிங்காம், யொஷினோ என்னும் மூவருக்கு 2019 ஆம் ஆண்டின் இரசாயன நொபெல் பரிசு கிடைத்தது. அப்போது குடினஃபுக்கு வயது 97. இளைப்பாறுதலைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

காரீயத்தின் மேல் முதல் மின்னேற்றத்திலேயே ஒரு மெல்லிய படலம் தோன்றுகிறது. அது கலத்துக்குக் காவலானது. ஆனால், காலம் செல்லச் செல்ல அப்படலம் தடிக்கிறது. தடிக்குந்தோறும் சிறிது சிறிதாக இலித்தியத்தைத் தன்னுள்ளே சிறைப்படுத்திவிடுகிறது. சிறைப்பட்டவை திரும்ப ஓடா. போக்குவரத்துச் செய்யும் அயன்கள் குறையவே பற்றரியின் கொள்ளளவுங் குறைகிறது. வெப்பம் இதனை விரைவுபடுத்தும். நிறைய மின்னேற்றியபடி வெயிலிலே நிறுத்தினால் இன்னும் விரைவுபடுத்தும். நிசான் நிறுவனத்தின் லீஃப் என்னும் கார் 2010 ஆம் ஆண்டின் இறுதியில் விற்பனைக்கு வந்தது. அதன் பற்றரிக்கு விசிறியாலோ நீராலோ குளிரூட்டும் ஏற்பாடு கிடையாது. 2012 ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் அரிசோனாப் பாலைநிலத்துச் சொந்தக்காரர்கள், பற்றரியின் வலுவைக் காட்டும் 12 கோடுகள் ஒவ்வொன்றாய் மறைவதாக முறையிடத் தொடங்கினார்கள். 2014, 2015 ஆம் ஆண்டுகளில் இந்த லீஃப் கார்களே ஆயிரக்கணக்கில் யப்பானிலிருந்து இலங்கைக்கும் வந்தன. எமது வெயில் அரிசோனாவின் வெயிலன்று. ஆயினும் யப்பானின் வெயிலுமன்று.

கொள்ளளவு தொடக்கத்தில் இருந்ததன் நூற்றுக்கு 70 அல்லது 80 பங்குக்கு இறங்கியதும், பற்றரி காருக்கு உதவாது என்று கொள்வது வழக்கம். இங்கேதான் கணக்குச் சுவையாகிறது. முதல் லீஃபின் பற்றரி 24 கிலோவாற்று மணி கொள்ளும். மின்பட்டியல் வழக்கிற் சொன்னால் 24 அலகு. அதன் மோட்டார் 80 கிலோவாற்று வலுவுடையது. மோட்டார் முழு வலுவையும் தொடர்ந்து வாங்கினால் 18 நிமிடத்தில் பற்றரி வறண்டுவிடும். மேடு ஏறும்போதும் ஒரு லொறியை முந்தும்போதும் கார் கேட்பது அத்தகைய உழைப்பு. ஒரு வீடோ, மின்விசிறியும் குளிர்ப்பெட்டியும் விளக்குகளும் தொலைக்காட்சியும் ஒருமிக்க ஓடும்போதுகூட ஒரு கிலோவாற்றைத் தாண்டுவது அரிது. மாதம் 90 அலகு செலவிடும் வீட்டுக்கு நாளொன்றுக்கு 3 அலகு போதும். 24 அலகுப் பற்றரி இளைத்து 16 ஆகிவிட்டது என்று வைப்போம். அதன் நலங் கருதி அடிமட்டம் வரை வற்றவிடாமல் 12 அலகை மாத்திரம் எடுத்தாலும், நான்கு நாள் சூரியன் முகங்காட்டாவிட்டாலும் அவ்வீட்டில் விளக்கெரியும்.

ஓடும் புகையிரதத்திலே கார்டாக இருந்து இளைப்பாறிய ஒருவர் எமது ஊர்க் கோயிலின் கணக்குப் பிள்ளையாய் இருக்கிறார். ஓடும் பெட்டியில் தாவி ஏற அவரால் இனி முடியாது. ஆனால் திருவிழாக் கணக்கில் ஒரு சதம் பிசகாது. பற்றரியின் நிலையும் அதுவே. இருந்த இடத்திலிருந்து மெதுவாக வாங்கி மெதுவாகக் கொடுக்கும் வேலைக்கு அது இன்னும் ஏற்றது. இருநூறு முந்நூறு கிலோ பாரமென்பது காருக்குச் சுமை. சுவரோரத்தில் நிற்கும் பெட்டிக்கு அது ஒரு பொருட்டன்று.

இதைச் செய்து காட்டியவர்களுள் யப்பானியர் முதன்மையானவர்கள். அவர்கள் தெரிந்தெடுத்த இடமும் கவனிக்கத் தக்கது. புகுஷிமா மாகாணத்திலே கடலோரமாக நமியே என்றொரு சிற்றூர் உண்டு. 2011 மார்ச்சில் நில நடுக்கமும் கடற்கோளும் வந்து, அண்டையிலிருந்த அணு மின்நிலையம் வெடித்தபோது, அவ்வூர் மக்கள் அனைவரும் வீடு வாசலை விட்டு வெளியேற நேர்ந்தது. இருபதினாயிரத்துக்கு மேற்பட்டோர். ஆறு ஆண்டுகள் கழித்து, 2017 மார்ச் இறுதியில், ஊரின் ஒரு பகுதிக்கு மாத்திரம் திரும்பிக் குடியேற அனுமதி கிடைத்தது. இடம்பெயர்ந்து அலைந்து, ஆண்டுகள் கழிந்தபின் புற்றும் பற்றையும் மூடிய சொந்த வளவைத் தேடிப் போனவர்கள் எமது வாசகர்களிற் பலர். நமியே மக்களின் மனநிலையை அவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

அந்த ஊரிலே 2018 மார்ச்சில் ஒரு தொழிற்சாலை திறக்கப்பட்டது. நிசானும் சுமிற்றோமோவும் 2010 இல் கூட்டாகத் தொடங்கிய ஃபோர் ஆர் எனேர்ஜி என்னும் நிறுவனத்துக்குரியது. யப்பான் எங்குமிருந்து பழைய லீஃப் பற்றரிகள் அங்கே வந்து சேருகின்றன. ஒவ்வொரு பற்றரியினுள்ளும் 48 தகரப் பெட்டிகள் உண்டு. ஒவ்வொன்றும் வகுப்பறை அட்லஸ் புத்தகத்தின் அளவு. ஒரே காரில் ஒரே காலம் ஓடியவையாயினும் 48 பெட்டிகளும் ஒரே அளவாய் இளைப்பதில்லை. ஒரு வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே புள்ளி எடுப்பதுண்டா? ஆகவே பெட்டி பெட்டியாகச் சோதிக்க வேண்டும். தொடக்கத்தில் ஒரு பற்றரியின் 48 பெட்டிகளையும் அளந்து முடிக்க 16 நாள் சென்றது. பின்னர் அதனை 4 மணித்தியாலமாகக் குறைத்தார்கள். இந்தத் தொழிலின் உயிர்நிலை இதுவென்றே நாம் கருதுகிறோம். பழைய பற்றரி இலவசமாகவே கிடைத்தாலும், சோதிப்பதற்கு 16 நாட் கூலி கொடுத்தால் அது புதியதை விட விலை கூடியதாகிவிடும்.

சோதித்தபின் மூன்று தரமாகப் பிரிக்கிறார்கள். முதற்றரப் பெட்டிகள் மறுபடியும் காருக்கே போகின்றன. 2018 இல் அவ்வாறு புதுக்கிய பற்றரியொன்றை 3 இலட்சம் யென்னுக்கு யப்பானிய லீஃப் சொந்தக்காரர்களுக்கு விற்கத் தொடங்கினார்கள். புதிய பற்றரியின் விலையிற் பாதிக்கும் குறைவு. இரண்டாந் தரம், தொழிற்சாலைகளிற் சுமை தூக்கும் வண்டிகளுக்கும் பெரிய மின்சேமிப்பு நிலையங்களுக்கும். மூன்றாந் தரம், மின்சாரம் நின்றால் மாத்திரம் உதவிக்கு வரும் பெட்டிகளுக்கு. எறியப்படுவது சொற்பம். 2021 ஆம் ஆண்டில், நமியேக்கு அயலிலுள்ள மினாமிசோமாவிலே புகையிரதக் கடவை ஒன்றின் படலைக்குத் துணைமின் வழங்கப் பழைய லீஃப் பற்றரியைப் பரீட்சித்தனர். முன்னர் அந்த இடத்திலிருந்த ஈயப் பற்றரிகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். காரிலிருந்து இளைப்பாறி வந்தது அதனிலும் நெடுங்காலம் உழைக்கும் என்பது அவர்களுடைய மதிப்பீடு.

வேறிடங்களிலும் இவ்வேலை நடக்கிறது. ஆம்ஸ்ரர்டாம் நகரின் பெரிய உதைபந்தாட்ட அரங்கிலே 148 லீஃப் கார்களுக்குரிய பற்றரிகளைக் கொண்ட சேமிப்பு நிலையம் 2018 இல் இயங்கத் தொடங்கியது. அவற்றில் ஒரு பகுதி பழையவை. ஆபிரிக்கக் கரையிலுள்ள ஸ்பானிய நகராகிய மெலில்லா, தாய்நாட்டு மின்வலையோடு தொடர்பின்றித் தனித்து நிற்பது. அங்கே 48 பழைய பற்றரிகளும் 30 புதியனவும் சேர்ந்து, மின்நிலையம் திடீரென நின்றால் ஊர் இருளாமற் காக்க வைக்கப்பட்டிருக்கின்றன. தனித்து நிற்கும் மின்நிலையத்தை நம்பி வாழ்வது எத்தகையதென்று எங்கள் தீவுப்பகுதி மக்களைக் கேட்டால் சொல்வார்கள்.

கலிபோர்னியாவின் லங்காஸ்ரர் என்னும் ஊரிலுள்ள முறை இவற்றினின்றும் வேறானது. அங்கே சுமார் 1,300 பழைய கார்ப் பற்றரிகள், 25,000 அலகு கொள்ளக்கூடிய நிலையத்தில் அடுக்கப்பட்டிருப்பதாக 2023 இல் அறிவிக்கப்பட்டது. நமியேயிற்போல அவற்றைப் பிரித்துச் சோதிப்பதில்லை. காரிலிருந்து இறக்கிய கோலத்திலேயே, அதே உறையோடும் அதே காவற் கருவிகளோடும் அலுமாரியில் ஏற்றி, ஒவ்வொன்றையும் கணினி கண்காணிக்கிறது. இளைத்துப் போனதைத் தனியே ஒதுக்கிவிடுகிறது. பகலிலே சூரிய மின்சாரம் மலிந்து கிடக்கும்போது வாங்கி வைத்து, மாலையில் விலை ஏறியதும் விற்கிறார்கள். எமது நண்பரின் கூரைக்கும் கொட்டிலுக்கும் இடையே இல்லாமற் போன இணைப்பை அங்கே பேரளவில் உண்டாக்கியிருக்கிறார்கள்.

இவ்வளவும் நன்றாயிருக்க, ஏன் எல்லாரும் இதனைச் செய்வதில்லை? முதலாவது காரணம் விலை. 2010 ஆம் ஆண்டளவில் பற்றரியில் ஓரலகு கொள்ளளவுக்கு ஆயிரம் டொலருக்கு மேல் விலையிருந்தது. 2024 இல் உலகச் சராசரி 115 டொலராக விழுந்துவிட்டது. புதியது இவ்வளவு மலிந்தபின், பழையதை ஏற்றி, இறக்கி, அளந்து, அடுக்கி விற்பவனுக்கு இலாபம் மெல்லியது. இரண்டாவது, பழைய பற்றரியை உருக்கி உலோகம் எடுப்பவர்களின் போட்டி. கோபாற்றும் நிக்கலும் நிறைந்த பற்றரிக்கு அவர்கள் நல்ல விலை கொடுப்பார்கள். இதிலொரு வேடிக்கை உண்டு. தொடக்க காலத்து லீஃப் பற்றரியில் இருப்பது பெரும்பாலும் மங்கனீசு. உருக்கினால் அதிகம் தேறாது. உலோகமாக விலை போகாத அந்தப் பற்றரிக்கு வேலை செய்வதினாலேயே மதிப்பு.

மூன்றாவது காரணம் நெருப்பு. இதனை நாம் மெலிதாகச் சொல்லிக் கடக்கலாகாது. 2025 சனவரியில் கலிபோர்னியாவின் மொஸ் லான்டிங் என்னுமிடத்திலே மிகப் பெரிய பற்றரி நிலையமொன்று தீப்பற்றியபோது அயலார் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். அங்கிருந்தவை காரிலோடிய பழைய பற்றரிகள் அல்ல. சேமிப்புக்கென்றே புதிதாக வாங்கி வைத்தவை. அவற்றுக்கே அக்கதியானால், எவ்வளவு அடிபட்டது, வெள்ளத்தில் நனைந்ததா, விபத்தில் நசுங்கியதா என்ற வரலாறு தெரியாத பற்றரியை வீட்டுத் திண்ணையில் வைப்பதற்கு நாம் எவ்வளவு யோசிக்க வேண்டும்! நியூயோர்க் நகரிலே மின்சாரச் சைக்கிள்களின் பற்றரிகளால் தீ விபத்துக்கள் பெருகவே, பழைய கலங்களைப் பிரித்தெடுத்துப் புதுப் பற்றரி கட்டி விற்பதை 2023 இல் சட்டமியற்றித் தடுத்துவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியை நாடியது. 2023 இல் அது நிறைவேற்றிய சட்டத்தின்படி, 2027 பெப்ரவரி முதல் சந்தைக்கு வரும் ஒவ்வொரு மின்சாரக் கார்ப் பற்றரிக்கும் மனிதருக்கு இருப்பதுபோல ஒரு கடவுச்சீட்டு இருத்தல் வேண்டும். பிறந்த இடம், உள்ளடக்கம், உடல்நிலை எல்லாம் அதிலே பதிவாகும். எமது தெருக்களில் ஓடும் கார்களின் பற்றரிகளுக்கோ அத்தகைய சாதகக் குறிப்பு எதுவுமில்லை.

ஊர்ப்புறங்களிலே கெட்டிக்காரப் பொடியன்மார் சிலர் பழைய கார்ப் பற்றரியைப் பிரித்து முச்சக்கர வண்டிக்கும் நீர்ப்பம்பிக்கும் பூட்டுவதாகக் கேள்விப்படுகிறோம். அவர்களுடைய கைத்திறனை நாம் மெச்சாமல் இருக்க முடியாது. எனினும் லீஃப் பற்றரி முழுவதாக இருக்கையில் 360 வோல்ற்று நேரோட்ட மின்சாரம் அதனுள்ளே இருக்கிறது. வீட்டுச் சுவரிலுள்ள 230 வோல்ற்றுக்குப் பயப்படுகிறவர்கள் இதன் மூடியைச் சாவி கொண்டு திறக்கத் துணிவது ஏனென்பது எமக்கு விளங்கவில்லை. சுவரிலுள்ள மின்சாரத்தைப் பிரதான ஆளியால் நிறுத்தலாம். பற்றரியினுள்ளே இருப்பதை அப்படி நிறுத்த வழியில்லை.

இவற்றையெல்லாம் அறிந்துகொண்டு சில வாரங்களின் பின் மறுபடியும் நண்பரிடம் சென்றோம். அவரும் அதற்குள் கராஜ்காரர் ஒருவரைப் பேசி வைத்திருந்தார். அடுத்த சனிக்கிழமை பற்றரியை இறக்கி, பிரித்து, கூரைத் தகடுகளோடு பூட்டிவிடுவதாக ஏற்பாடு. நாம் நமியேயின் கதையைச் சொன்னோம். 48 பெட்டிகளும் 48 விதமாய் இளைக்கும் என்பதைச் சொன்னோம். இளைத்ததையும் இளைக்காததையும் ஒன்றாய்ப் பூட்டினால், நல்லது நிறையுமுன் நொந்தது நிரம்பி வழிந்து சூடேறக்கூடும் என்பதையும், ஒவ்வொரு கலத்தையும் கண்காணிக்கும் கருவியின்றி இதில் இறங்கலாகாது என்பதையும் சொன்னோம். நண்பரின் தாயார் திண்ணையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "தம்பி, உதை என்ரை அறைப் பக்கம் மாத்திரம் வைக்க வேண்டாம்" என்று அவர் மகனுக்குச் சொன்னதோடு சனிக்கிழமை ஏற்பாடு நின்றுபோயிற்று.

"அப்ப அளந்து சொல்லுறதுக்கு இஞ்சை ஆர் இருக்கினம் மாஸ்ரர்?" என்று நண்பர் கேட்டார்.

எம்மிடம் விடையிருக்கவில்லை. 2015 ஆம் ஆண்டளவில் ஒன்றாய் வந்திறங்கிய கார்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இளைக்கின்றன. அந்தக் கேள்வியைக் கேட்பவர் அவர் ஒருவராய் இருக்க முடியாது. அளக்கும் கருவிகள் பல இலட்சம் ரூபா பெறுமதியானவை அல்ல. மின்னேற்றி இறக்கிக் கணக்கெடுக்கும் பொறியும், பொறுமையும், பயிற்சி பெற்ற நாலைந்து பேருமே வேண்டும். தொழினுட்பக் கல்லூரியொன்றின் ஒரு கூடம் இதற்குப் போதும். எமது பழைய மாணவர்கள் சிலர் அத்தகைய கல்லூரிகளிலே கற்பிக்கிறார்கள். அவர்களுள் இருவருக்கு இதுபற்றிக் கடிதம் எழுதியிருக்கிறோம்.

நண்பருக்கு இப்போதைக்குச் சொல்லக்கூடியதாயிருந்தது ஒன்றே. பற்றரியை நிறையவும் நிரப்பாமல், வறளவும் விடாமல், பாதியளவில் வைத்து நிழலிலே நிறுத்தினால் உள்ள வலுவாவது நெடுங்காலம் நிற்கும். அவர் அப்படியே செய்து வருகிறார். கொட்டிலுக்குப் புதுக்கிடுகு வேய்ந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை மாலைகளில் தாயாரை ஏற்றிக்கொண்டு கோயில் வரைக்கும் காரை ஓட்டிச் செல்கிறார். போய்வர நாலு கிலோமீற்றர்.